வாயடைக்கப்படாத ஈக்கள்

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு நெட்டை என்றுதான் பேர். நாலு வருஷமாகப் பழ ஈக்களோடு மாரடிக்கிறான். கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்குமே, அந்தப் பொடி ஈதான். இரண்டு மூன்று மாதத்துக்குள் பிறந்து, கிழடு தட்டி, செத்தும் போய்விடும். மூப்பு எப்படி வருகிறது என்று பார்க்கிறவர்களுக்கு அதைவிட்டால் வேறு கதியில்லை.

அந்த ஈக்களின் குடலில் ஒரு மரபணுவின் வாயை அடைத்தான். ஈக்கள் சாக மறுத்தன. ஈ வளர்க்கும் மற்ற கண்ணாடிக் குழாய்களில் எல்லாம் செத்துக் கால் மேலே போய்க் கிடக்கும்போது, அவனுடைய ஈக்கள் பஞ்சு மூடியடியில் உட்கார்ந்து இறக்கையைத் தடவிக்கொண்டிருந்தன. பேராசிரியைக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த மாதம் நடக்கும் பெரிய மாநாட்டில் அவன்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் மாமனாருக்கு விளங்கவைக்கத்தான் கொஞ்சம் பாடுபட்டான்.

"அந்த மரபணுவை வெட்டி எறிஞ்சுடறீங்களா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா, அது பாட்டுக்கு இருக்கும். அது அனுப்பற சேதியை மட்டும் போற வழியிலேயே கிழிச்சுப் போடறோம். அதுக்கு ஒரு கருவி உண்டு. கருவி அப்பன் ஈகிட்ட, அதை ஓட்டற சாவி ஆத்தா ஈகிட்ட. ரெண்டும் ஒண்ணா வந்து சேர்ற குட்டிக்கு மட்டும் மரபணு ஊமையாயிடும்."

"எங்கப்பா வாய்க்கும் அப்படி ஒண்ணு கண்டுபிடிங்களேன்" என்றாள் அவன் மனைவி, துணி மடித்தபடியே.

மாமனார் சிரித்தாரே தவிர, வாய் சும்மா இருக்கவில்லை. முடிவெட்டும் கடையில் போய், தன் மாப்பிள்ளை எமனுக்கே விடுமுறை கொடுத்துவிட்டதாக அளந்துவிட்டு வந்தார்.

அடுத்த மேசையில் வேலை செய்கிறவரை எல்லாரும் அக்கா என்பார்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டுத் திரும்ப ஆராய்ச்சிக்கு வந்தவர். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் மத்தியானம் நெட்டையை, ஈக் குழாய்களை வைத்திருக்கும் வெப்பப்பெட்டிப் பக்கம் கூப்பிட்டார்.

"உன் கருவி ஈயில கொஞ்சம் என் சோதனைக்கு எடுத்தேன்ல, ஞாபகம் இருக்கா? சாதா ஈயோட சேர்த்தேன். இதுங்க அதோட குட்டிங்க, இதுங்ககிட்ட சாவியே இல்ல."

நெட்டை குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். சாவி இல்லையென்றால் கருவி ஓடாது. மரபணு தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். இந்நேரம் பாதிக்கு மேல் செத்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவும் சுறுசுறுப்பாக மேலே ஏறிக்கொண்டிருந்தன.

சாவி மட்டும் உள்ள ஈக்களோடு ஒப்பிட்டிருந்தானே தவிர, கருவி மட்டும் உள்ளதை அவன் வளர்க்கவே இல்லை. பெட்டியில் இடமில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதுதான். அப்படியானால் ஆயுள் நீண்டது வாயடைத்ததால் இல்லை. அந்த அப்பன் வம்சமே கெட்டி வம்சம்.

"இதை எத்தனை நாளா பாத்துட்டிருக்கீங்க?"

"போன வாரமே சந்தேகம் வந்துச்சு. ஒரு குழாயை வச்சுச் சொல்லக் கூடாதேன்னு எல்லாத்தையும் பாத்தேன்."

"மாநாட்டுக்கு முன்னாடி உங்களுக்கு இதுதான் கிடைச்சுதா?" என்று வெடித்துவிட்டு வெளியே போய்விட்டான். அக்கா குழாய்களை அடுக்கிவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

வீட்டில் அவன் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்குத் தெரிந்துவிட்டது. முழுவதையும் கேட்டுவிட்டு, "அங்க போய்ப் பேசினதுக்கப்புறம் வேற யாராவது கண்டுபிடிச்சிருந்தா?" என்றாள். சாப்பாட்டுத் தட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். மாமனார் அன்றைக்குச் சீக்கிரமே தூங்கப் போனார்.

மறுநாள் காலையில் பேராசிரியையின் அறைக்குப் போனான். அக்காவின் ஈக்களில் எத்தனை இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று அவன் போட்டுக் காட்டிய வரைபடத்தை அவர் வாங்கிப் பார்த்தார்.

"இதை நானே கேட்டிருக்கணும்" என்றார் கடைசியில். "ஆசை கண்ணை மறைச்சிடுச்சு. பேச்சை ரத்து பண்ணிடறேன். முதல்ல வம்சத்தைச் சுத்தம் பண்ணு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

நேரே அக்கா மேசைக்குப் போனான். "நேத்து கொஞ்சம் வாய் நீண்டுடுச்சுக்கா."

"அடப் போடா. என் முதல் வருஷத்துல ஆண் எது பெண் எதுன்னு மாத்தி எண்ணி அழுதவ நான். ஸ்டூலை இழுத்துப் போடு."

வம்சத்தைச் சுத்தம் செய்வது பொறுமையைச் சோதிக்கிற வேலை. கருவி ஈயைச் சாதா ஈயோடு சேர்க்க வேண்டும். குட்டிகளில் கருவி உள்ளதற்கு மட்டும் கண் செம்மஞ்சளாக இருக்கும். அதைத் தூரிகையால் ஒதுக்கி, மறுபடியும் சாதா ஈயோடு சேர்க்க வேண்டும். அந்த வம்சத்தின் கெட்டித்தனம் கரைந்து கருவி மட்டும் மிஞ்சும்வரை, தலைமுறை தலைமுறையாக இப்படியே. ஈக்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அவனும் அக்காவும் முறைபோட்டுக்கொண்டு உணவு மாற்றினார்கள். இரண்டு பேர் சட்டையிலும் ஈஸ்ட் வாடை.

கடைசியில் கருவி மட்டும் உள்ளவை சாதா ஈக்களோடு சேர்ந்தே செத்தன. வாயடைத்த ஆண் ஈக்களும் அப்படியே. பெண் ஈக்கள் மட்டும் கொஞ்சம் அதிக நாள் தாங்கின. நம்பவும் முடியாத, தள்ளவும் முடியாத கொஞ்சம்.

அடுத்த வருஷ மாநாட்டில் அதையே சொன்னான். அரங்கில் பாதி நாற்காலி காலி. முடிந்ததும் ஒரு பெண் வேகமாக அவனிடம் வந்தாள். வேறு ஊர் ஆய்வுக்கூடம்.

"அதே கருவி வம்சம்தான் எங்ககிட்டயும். குடல்ல அடைச்சாலும் ஆயுசு நீளுது, தசையில அடைச்சாலும் நீளுது. குழாயை மாத்தி வச்சுட்டேன்னு எங்க சார் என்னைத்தான் திட்டறார். எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு." அவள் கண் கலங்கியிருந்தது. "சுத்தம் பண்ணின ஈ கொஞ்சம் கிடைக்குமா?"

"நாளைக்கே அனுப்பறேன்" என்றான்.

ஊர் திரும்பியதும் அக்காவிடம் சொன்னான். இரண்டு பேருமாகப் புது உணவு ஊற்றிய குழாய்களில் ஈக்களை மாற்றிப் பஞ்சை இறுக்கினார்கள்.

"இன்னும் ரெண்டு குழாய் சேர்த்துப் போடு" என்றார் அக்கா. "வழியில வெயில்ல பாதி போயிடும்."