மூன்று சுவருக்கு வெள்ளை

எழிலன் எழுந்து மோட்டார் போட்டான். பால் காய்ச்சினான். பொங்கியது, துடைத்தான். தினமும் பொங்கும், தினமும் துடைப்பான். மகள் இலக்கியாவுக்கு இரட்டைப் பின்னல் போட்டான். ஒன்று காதுக்கு மேலே நின்றது, இன்னொன்று கீழே தொங்கியது. இட்லி ஊட்டினான். பிறகு கூடத்தின் மேற்குச் சுவரருகே குனிந்து, இடுப்பு உயரத்தில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தான். அப்படியேதான் இருந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டு பிரிசில்லா அக்காவிடம் விட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடித்தான்.

கறை ஒரு தலை அளவு இருக்கும். அவன் மனைவி அனுப்பிரியா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, அங்கே தலை சாய்த்துத்தான் டீ குடிப்பாள், போன் பேசுவாள், பிள்ளைக்குப் பால் கொடுப்பாள். தேங்காய் எண்ணெய் வழிய வைத்த தலை. அவள் செத்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் புடவைகளை உறவுக்காரர்கள் எடுத்துப்போனபோது எழிலனுக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டோவுக்கு மாலை மாற்றும்போதும் ஒன்றும் ஆவதில்லை. வேதியியலில் எம்.எஸ்.சி. முடித்தவன், சுண்ணாம்பில் ஊறிய எண்ணெய்க்கு மட்டும் தினமும் ஆஜர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அதற்கும் ஆபத்து வந்தது. இலக்கியாவுக்கு நாலாவது பிறந்தநாள். போன வருடம் கொண்டாடவில்லை. இந்த வருடம் அவளே தெரு முழுக்க அழைத்துவிட்டாள். சிதம்பரத்திலிருந்து மச்சான் செந்தமிழ்செல்வன் போன் பண்ணினான்.

“மாமா, ஞாயித்துக்கெழம ஆளுங்க வராங்க. வீடு குடோன் மாரி கெடக்கு. நான் வந்து வெள்ளையடிச்சிட்றேன்.”

“வேணாம் மச்சான்.”

“சோறு துன்னீங்களான்னு கேட்டாக்கூட வேணாம்பீங்க. வையுங்க போன.”

எழிலன் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்பு அதிகாரி. எங்கே, எதனால் ஆபத்து வரும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் சம்பளம். யோசித்தான். மச்சான் வாளியும் பிரஷ்ஷுமாக வந்து நின்றபோது பதில் தயாராக இருந்தது.

“அந்த மேக்கால செவுரு மட்டும் வேணாம். ஓதம் அடிக்குது, ஈரம் ஊறுது. இப்ப அடிச்சா உரிஞ்சிடும்.”

வெளியே அக்னி நட்சத்திர வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் சுவர் ஓதம் அடிப்பதைக் கண்டுபிடித்த முதல் எம்.எஸ்.சி. அவனாகத்தான் இருப்பான். மச்சான் சுவரைத் தொட்டுப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். “படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று மற்ற மூன்று சுவர்களையும் அடித்து முடித்தான்.

அதன் பிறகுதான் விஷயம் புரிந்தது. மூன்று சுவரும் பளிச்சென்று ஆனதில், நாலாவது சுவரில் கறையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. அதுவரை யாரும் கவனிக்காததை, பாதுகாப்பு அதிகாரி ஊர் பார்க்க வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு முயல் படம் வாங்கிவந்து, பசை கறையில் படாதபடி நாலு மூலையில் மட்டும் டேப் ஒட்டிக் கறையை மறைத்தான். படத்தை ஒட்டினாற்போல் கேக் மேசையைப் போட்டான். மேசையைச் சுற்றி, ஆலையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கறுப்பு அபாய நாடாவைக் கட்டினான். ஆலையில் அவனோடு வேலை செய்யும் ராபர்ட் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னப்பா எழிலு, கேக்கு லீக் ஆவுமா?”

பிள்ளைகள் அந்த நாடாவை அறுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ரயில் ஓட்டினார்கள். கேக் வெட்டியதும், இடம் போதாதென்று மச்சான் மேசையையும் வெளியே தூக்கிப் போட்டான். ராபர்ட்டுக்கு நாற்காலி ஒத்துவராது. பிரியாணித் தட்டோடு தரையில் உட்கார்ந்து, முயலின் வயிற்றில் தலையைச் சாய்த்தார். அவரும் எண்ணெய் வைப்பவர்தான்.

“அண்ணே, அங்க சாயாதீங்க!”

“ஏன்?”

“பெயிண்ட்டு ஈரம்.”

“இந்தச் செவுத்துக்குத்தான் பெயிண்ட்டே அடிக்கலியேப்பா!”

கூடமே சிரித்தது. ராபர்ட் எழுந்தபோது முயலும் முதுகில் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. கறை வெளியே தெரிந்தது.

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார் கொளஞ்சியம்மாள், அனுப்பிரியாவின் அம்மா. “அய்ய, இதென்ன அசிங்கம்” என்று சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியோடு வந்து சுவரில் கையை வைத்தார். எழிலன் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் மாமியார் எதிரில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை. இப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சிரிப்பு அடங்கியது. கொளஞ்சியம்மாள் கறையைப் பார்த்தார். அதன் உயரத்தைப் பார்த்தார். மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, “பாயசம் இருக்கு, எல்லாரும் குடிங்க” என்று உள்ளே போனார்.

ஆட்கள் கலைந்த பிறகு அதே துணியோடு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இதுக்குத்தான் ஓதம்னீங்களா மாப்ள?”

“ஆமாங்கத்த.”

“எம் பொண்ணுக்குப் புள்ள நெனப்புதான். கடைசியா ‘பாப்பாவப் பாத்துக்குங்க’ன்னுதான சொன்னா?”

காரியத்தன்று யாரோ சொல்லிவைத்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் எழிலன் தலையாட்டிவந்தான். ஆட்டுவது சுலபமாக இருந்தது. இன்று கழுத்து அசையவில்லை.

“இல்லீங்கத்த. ஆஸ்பத்திரியில தொண்டையில குழா வெச்சிட்டாங்க, பேசவே இல்ல. பேசுனது இங்கதான். நல்ல காச்சல். இந்தச் செவுத்துல சாஞ்சி உக்காந்திருந்தா. ஆட்டோ வந்துச்சி. கையப் புடிச்சித் தூக்குனேன். நாலு அடி வெச்சவ, நின்னு திரும்பிப் பாத்தா.”

“என்னா சொன்னா?”

எழிலன் அவர் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டான்.

“‘பாக்கறதுக்கு ஆளுங்க வருவாங்க. அந்த எண்ணெக் கறைய மொதல்ல தொடச்சி வையுங்க, அசிங்கமா இருக்கு.’”