நீலக் கோட்டு

காலை ஒன்பதரை மணிக்கு என் மகனைக் குடோனுக்குள் தள்ளிப் பூட்டினேன். அவனோடு இன்னும் மூன்று சூப்பர்வைசர்கள். கதவைச் சாத்தி வைக்கத்தான் முதலாளி சொன்னார். பூட்டியது என் யோசனை. இந்தத் துணிக் கம்பெனியில் பதினோரு வருடமாக வாசல் காவல் பார்க்கிறேன். சாத்திய கதவை நான் நம்புவதில்லை. சிகரெட் பிடிக்க வெளியே வருகிறவனையும் நம்புவதில்லை, அவன் நான் பெற்றதாகவே இருந்தாலும்.

விஷயம் இதுதான். நாங்கள் தைக்கிற சட்டைகளை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு கடிதம் போட்டிருந்தது. எட்டுத் தையல் லைனில் நாலு லைனுக்காவது பெண் சூப்பர்வைசராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். முந்நூறு பெண்கள் தைக்கிறார்கள், எட்டு ஆண்கள் பின்னால் நின்று கத்துகிறார்கள். இத்தனை வருடமும் அது கடலுக்கு அந்தப் பக்கம் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது பட்டுவிட்டது. சட்டையை வாங்கினோமா மாட்டினோமா என்று இல்லாமல் என் வீட்டு அடுப்பில் அவர்களுக்கு என்ன வேலை என்று எனக்கு எரிச்சல்.

முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். சோதனைக்கு ஆள் வருகிற அன்று மட்டும் நாலு பெண்கள் சூப்பர்வைசரின் நீலக் கோட்டைப் போட்டுக்கொள்வது. கோட்டுக்குச் சொந்தக்காரர்கள் குடோனில் ஒளிந்துகொள்வது. சாயங்காலம் கோட்டுகளை நான் வாசலில் வாங்கி வைப்பது.

மூன்றாம் லைன் கோட்டு என் மகனுடையது. அதைப் போட்டுக்கொள்ளச் சொன்னது அவன் பெண்டாட்டியை. அதே லைனில் செக்கிங் பார்க்கிறவள். தையல் கோணலாக இருந்தால் அந்த இடத்தில் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக் கழித்துவிடுவாள். வீட்டிலும் அதே புத்திதான். நான் கழுவி வைத்த டம்ளரில் ஒருமுறை அம்பு இருந்தது.

சூப்பர்வைசர் வேலையை நிஜமாகவே தனக்குக் கொடுக்கச் சொல்லி அவள் இரண்டு தடவை முதலாளியிடம் கேட்டிருக்கிறாள். இரண்டு தடவையும் அவர் சிரித்திருக்கிறார். முந்தின நாள் வீட்டில் அவள் என்னிடம் அதைச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. எனக்கு வயிறு முக்கியம்.

"சூப்பர்வைசர்னா ஏழு மணிக்கே போகணும். அப்புறம் சோறு யாரு பொங்குறது?"

என்னையும் என் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

கோட்டு அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. கையை மூன்று மடிப்பு மடித்துக் குண்டூசி குத்தியிருந்தாள். பத்தரை மணி வாக்கில் மூன்றாம் லைன் நின்றுவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். என் மகன் கத்துவது தினமும் வாசல் வரைக்கும் கேட்கும். அன்றைக்கு வெறும் மெஷின் சத்தம். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒருத்தியின் மெஷினில் நூல் சிக்கியிருந்தது. அவனாக இருந்தால் அவள் வம்சத்தையே இழுத்திருப்பான். இவள் குனிந்து நூலைக் கோத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். மத்தியானத்துக்குள் வழக்கமாக இருநூறு சட்டை என்று எழுதுகிற பலகையில் இருநூற்று அறுபது என்று எழுதியிருந்தது. நான் நம்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கட்டுகளைப் பிரித்து நானே எண்ணினேன். இருநூற்று அறுபத்திரண்டு.

சோதனைக்கு வந்த அம்மா உயரமான ஆள். கூடவே பேச்சை மாற்றிச் சொல்ல ஒரு பெண். அந்த அம்மா கக்கூஸ் கதவைக்கூடத் திறந்து பார்த்தாள். எனக்கு மரியாதையே வந்துவிட்டது. என்னைப் போல ஒருத்தி. கடைசியில் குடோன் முன்னால் வந்து நின்றாள். உள்ளே யாரோ இருமினார்கள். அது என் மகன் இருமல்தான், சின்ன வயதிலிருந்தே தெரியும். நல்லவேளை, அந்த நேரம் பக்கத்தில் ஒரு லாரி உறுமிக்கொண்டிருந்தது.

உள்ளே என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். முதலாளி என்னைப் பார்த்தார்.

"கழிச்சுப் போட்ட சரக்கும்மா," என்றேன்.

"எவ்வளவு இருக்கு?"

"நாலு உருப்படி."

பின்னால் நின்ற மருமகள் முன்னே வந்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை உரித்துக் கதவில் ஒட்டினாள். அந்த அம்மா தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டாள்.

கிளம்பும்போது, இனிமேல் சொல்லாமல்தான் வருவேன், இதே நாலு பேரை இதே இடத்தில் பார்க்க வேண்டும் என்றாள். முதலாளி பல்லை மட்டும் காட்டினார். கார் திரும்பியதும் என் பக்கம் வந்தார். "கோட்டு நாலும் உங்ககிட்டயே இருக்கட்டும் பெரியவரே. கார் தெரிஞ்சதும் ஓடிப் போய் மாட்டி விட்டுடலாம். அதுவரைக்கும் அவனவன் இடத்துல அவனவன்."

சாயங்காலம் மூன்று கோட்டு வந்து சேர்ந்தது. நாலாவது வரவில்லை. மருமகள் பையோடு வரிசையில் நின்றாள். என் வாசலைத் தாண்டி இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நூல்கண்டு போனதில்லை.

"பையைத் தொற."

திறந்தாள். டிபன் டப்பாவுக்குக் கீழே கோட்டு மடித்து வைத்திருந்தது.

"பெருசா இருக்கு மாமா," என்றாள் மெதுவாக. "பிடிச்சுத் தைக்கணும்."

பின்னால் என் மகன் தலையெல்லாம் தூசியோடு வந்துகொண்டிருந்தான். வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். எனக்கும் கால் வலி. அதற்கு மேல் அதில் யோசனை ஒன்றும் இல்லை.

"டிபன் டப்பா," என்றேன். "போ, போ."

வீட்டுக்குப் போனபோது கத்தரி ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வீட்டுத் தையல் மெஷின். தைத்து முடிந்ததை என் மகன் பிடுங்கிக் கையை நுழைத்துப் பார்த்தான். முழங்கை வரைக்கும்தான் போயிற்று.

"இனிமே இது எனக்கு எப்படி ஏறும்?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "ஏறாது."

மறுநாள் ஆறரை மணிக்கே கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். முதலாளி உள்ளே விடுவாரா, திருப்பி அனுப்புவாரா, எனக்கு வேலை போகுமா, எதுவும் தெரியாது. எனக்கு எட்டு மணிக்குத்தான் முறை. கோட்டு இல்லாத மகன் வெங்காயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. பிடிதுணி எங்கே இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. மெஷினுக்கு அடியில் நீலத் துணித் துண்டு இரண்டு கிடந்தது, கோட்டுத் தோளில் வெட்டிப் போட்டது. ஆளுக்கு ஒன்றாக எடுத்துப் பானையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். அந்த நேரம் கம்பெனியில் ஏழு மணிச் சங்கு ஊதியது. பானையைக் கீழே வைக்காமல், ஆவி முகத்தில் அடிக்க, அவள் திரும்பி வருகிற சத்தம் கேட்கிறதா என்று அப்படியே நின்று காது கொடுத்தோம்.