சென்னியப்பன் வண்டிக்குப் புது பிரேக்

சென்னியப்பனின் வண்டி நிற்காமல் ஓடத் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

உயரமான பெரிய வண்டி. காலை ஒன்பதே காலுக்கும் மாலை நாலுக்கும் வீட்டு வாசலைக் கடக்கும். அவன் மனைவி ரங்கநாயகி சோற்றுத் தூக்கோடு சாலையோரம் நிற்பாள். கூடவே ஓடி ஜன்னல் வழியாக நீட்டுவாள். காலித் தூக்கை வாங்கிக்கொள்வாள். அவ்வளவு நேரம்தான் கிடைக்கும்.

முதல் மூன்று நாள் அவன் பேசினான். "ரசத்துல உப்புக் கம்மி அம்மிணி" என்றான். டீசல் இருக்கிறதா என்று அவள் கேட்டாள். அது போன புதனே தீர்ந்துவிட்டது என்றான். ஐந்தாம் நாள் "அம்மிணி" என்று மட்டும் சொன்னான். ஒன்பதாம் நாள் மைல்கல்லைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

அன்றைக்கே அவள் மெக்கானிக் யாகூபின் பட்டறைக்குப் போனாள்.

"பிரேக் பேடு தேஞ்சிருக்கும். வண்டியக் கொண்டாந்து நிறுத்துங்கக்கா, மாத்திடலாம்."

"நிக்க மாட்டேங்குது தம்பி."

"ஏன்?"

"பேடு தேஞ்சிருச்சு."

"அப்ப மாத்தோணும். நிறுத்துங்க."

யாகூப், ஓடுகிற வண்டியில் கைவைக்க அனுமதி வேண்டும் என்றான்.

அனுமதி தரும் அலுவலகத்தில் முதல் ஜன்னலிலிருந்து இரண்டாம் ஜன்னலுக்கு நடந்துபோக ஒரு பகல் பிடித்தது. அங்கே இருந்தவர் நிமிரவில்லை.

"வீட்டுக்காரர் இருக்காருங்களா?"

"இருக்காருங்க."

"எங்க?"

"ரோட்டுலங்க."

"ரோடு விலாசம் ஆகாதுங்கம்மா." அவர் படிவத்தில் 'வசிப்பவர்' என்பதை அடித்துவிட்டு 'சென்றுகொண்டிருப்பவர்' என்று எழுதினார். முத்திரை குத்தினார். அது கல்லறையை மூடுவதுபோல விழுந்தது.

மறுநாள் காலை யாகூப் வண்டியோடு ஓடினான். ஓடிக்கொண்டே ஜாக்கி வைத்தான். ஒரு சக்கரத்தைக் கழற்றினான். வண்டி மூன்று சக்கரத்தில் போனது. பழைய பேடு அப்பளம்போல இருந்தது. அதற்கப்புறம் இரும்பு இரும்பைத் தின்றிருந்தது. ஒரு நடைக்கு ஒரு சக்கரம்தான் முடிந்தது.

இரண்டு நாளில் யாகூப் ஒரு சாண் குட்டையாகிவிட்டான். பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டான். வலிக்கிறதா என்று ரங்கநாயகி கேட்டாள். ஓடுகிற வேலை என்றால் தேயும்தான் என்றான்.

இரண்டாம் நாள் நாலு மணிக்கு நாலாவது சக்கரத்தின் கடைசி போல்ட்டை முறுக்கினான். "மிதிங்கண்ணா!" என்று கத்தினான்.

சென்னியப்பன் மிதித்தான்.

வண்டி வாசலிலேயே நின்றது. சென்னியப்பன் நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே முன்கண்ணாடி வழியாக வெளியே வந்தான். கண்ணாடி உடையவில்லை. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், அதே வேகத்தில், ஸ்டியரிங் பிடித்த கைகளோடு போய்க்கொண்டிருந்தான். வலது கால் காற்றை மிதித்துக்கொண்டே இருந்தது. தெருமுனையில் கை காட்டித் திரும்பினான்.

"தம்பி, அவரு?"

யாகூப் ஸ்பேனரைத் துடைத்தான். "அவருக்குப் பார்ட்ஸ் வர்றதில்லக்கா."

ரங்கநாயகிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஏறி ஓட்டினாள். பழத்தோட்டம் தாண்டி அவனை எட்டிப் பிடித்தாள். பக்கத்திலேயே போனாள். கண்ணாடியை இறக்கினாள். காற்றில் அவன் சட்டை படபடத்தது. முகம் ரொம்ப மெலிந்திருந்தது.

"ஏனுங்க, எங்க போறீங்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். இந்த முறை அவளைத்தான் பார்த்தான்.

"பிரேக் நல்லா பிடிக்குதா அம்மிணி?"

"பிடிக்குதுங்க."

"அப்ப நீ நிறுத்திக்க."

அவள் இன்னும் ஒரு மைல் கூடவே போனாள். அவன் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு அவள் மிதித்தாள்.

வண்டி நன்றாக நின்றது.