யாரும் திரும்பி வராத ஆஸ்பத்திரி

ராஜேஷ்குமார் மேலாளராக வந்து சேரும்வரை, ஜூஜுவாடிக்குச் சற்று முன்னால் நெடுஞ்சாலையோரம் இருக்கும் அந்தக் குழந்தைகள் மருத்துவமனையில், ஒரு பிள்ளை இரண்டாம் முறை வருவது குற்றமாக இருந்ததில்லை. அவர் இருபது வருஷம் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரக் கட்டுப்பாடு பார்த்தவர். அங்கே அனுப்பிய பாகம் பழுதென்று திரும்பி வந்தால் அதற்கு ரீவொர்க் என்று பெயர். ரீவொர்க் என்றால் மானக்கேடு. இங்கே வந்த முதல் வாரத்திலேயே, பிள்ளைகள் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த ஆஸ்துமா கேஸ் போன மாசம்தான டிஸ்சார்ஜ் ஆச்சு? மறுபடி எப்பிடி வருது? அப்ப நாம சரியா பண்ணலைன்னுதான அர்த்தம்?" என்று வார்டின் மூத்த நர்ஸ் லாவண்யாவைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்துமா அப்பிடித்தாங்க சார். பனி விழுந்தா வரும். சர்க்கரை, வலிப்பு, கிட்னி எல்லாமே அப்பிடித்தாங்க. ஒரேயடியா போவாது. வர்றப்ப எல்லாம் பாத்துக்கணும், அவ்ளோதான்."

"இந்த ஆட்டிட்யூடைத்தான் சிஸ்டர் மொதல்ல மாத்தணும்."

லாவண்யா பர்கூர்க்காரி, வாய் சும்மா இருக்காது. ஆனாலும் பதினோரு வருஷ வேலையை ஒரு பதிலில் தொலைக்க மனமில்லாமல் அன்றைக்கு விழுங்கிக்கொண்டாள். மறுவாரம் வரவேற்பறையில் ஒரு பெரிய பலகை ஏறியது. 'திரும்பி வந்த நோயாளிகள்: 0'. கூடவே ஒரு படிவமும் வந்தது. பழைய நோயாளி யார் வந்தாலும் சீட்டு போடுவதற்கு முன்னால் அதை நிரப்ப வேண்டும். ஏன் திரும்பி வந்தீர்கள்? அதற்குப் பதில் எழுதினால், அது ஏன்? அது ஏன்? இப்படி ஐந்து ஏன். கம்பெனியில் பழுதின் வேரைக் கண்டுபிடிக்க இப்படித்தான் கேட்பார்களாம்.

கருப்பாயி என்ற பெண் தன் மகனுக்கு மூச்சு இரைக்க இரைக்க நின்று அதை எழுதினாள். மூச்சு வாங்குது. வீசிங். பொறந்ததுலேருந்து. தெரியல. ஐந்தாவது ஏனுக்கு எதிரே, 'அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அவளைக் கூப்பிட்டு ராஜேஷ்குமார் அரைமணி நேரம் ஆலோசனை வழங்கினார்.

ஆனால் இந்த ஊர் ஜனங்களை அவர் குறைத்து எடை போட்டுவிட்டார். பாதிப் பேர் கம்பெனியில் மூன்று ஷிஃப்ட் பார்ப்பவர்கள். ஆடிட் வரும் அன்றைக்குப் பழுதான பாகத்தை எந்த ட்ரேயின் அடியில் தள்ளுவது என்று அவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கவுன்டரில் வந்து, "மொத தடவைங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். புது நோயாளி, புது எண், புது ஃபைல். ஐந்து ஏன் கிடையாது. அதன்பிறகு பலகையில் பூஜ்யம் பத்திரமாக இருந்தது. தொடை தடிமனுக்கு இருந்த பழைய ஃபைல்கள் கீழ்த்தளத்தில் தூங்கின.

உள்ளே வந்ததும் லாவண்யா முகத்தைப் பார்ப்பாள். இது வலிப்புப் பிள்ளை, இதற்கு இன்ன மருந்து ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் காதில் போடுவாள். அவள் ஞாபகத்தை நம்பித்தான் அத்தனை பேரும் பொய் சொன்னார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பலகை ஏறிய நூறாவது நாள் வந்தது. பெங்களூர் தலைமை அலுவலகத்திலிருந்து விருந்தினர்கள், மாடியில் விழா, மூன்றடுக்குக் கேக். வார்டில் இருந்த லாவண்யாவைப் பட்டுப்புடவை கட்டிவரச் சொல்லி, கையில் பன்னீர்ச் செம்பும் கல்கண்டுத் தட்டும் கொடுத்து வாசலில் நிறுத்தினார் ராஜேஷ்குமார். வார்டுக்கு யார் என்று கேட்டாள். "டாக்டர் ஸ்வாதி இருக்காங்கல்ல?" என்றார். டாக்டர் ஸ்வாதி வேலைக்குச் சேர்ந்து அன்றோடு இரண்டு நாள்.

மதியம் பன்னிரண்டரைக்கு, கவுன்டர் பக்கம் கம்பெனிச் சட்டையோடு ஒருவன் தலையைக் குனிந்து கையெழுத்து போட்டுக்கொண்டிருப்பதை வாசலிலிருந்து லாவண்யா பார்த்தாள். பூபதி. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பிரேக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். அவன் மகள் தர்ஷினிக்கு ஒன்பது வயது. ஆறு வயதிலிருந்து சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டால்தான் பிள்ளை நடமாடும்.

"பூபதி அண்ணா, பாப்பா எங்க?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "நீங்க உள்ள இல்லையா சிஸ்டர்? நீங்க இருப்பீகன்னுல்ல நெனச்சேன்! பக்கத்து வாசல் வழியா ஸ்ட்ரெச்சர்ல உள்ள கொண்டு போயிட்டாக. காலையிலேருந்து வாந்தி, வயித்து வலி."

"ஊசி போட்டீங்களா?"

"முந்தாநாளே தீந்து போச்சு. பழைய மருந்துக்குச் சீட்டு வாங்க வந்தா அந்த ஏன் ஃபாரத்தை நீட்டுறாக. ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன்."

"இப்ப சக்கரைன்னு எழுதிக் குடுத்தீங்களா இல்லையா?"

பூபதி கையிலிருந்த சீட்டைக் காட்டினான். புதிய நோயாளி. ஏற்கெனவே உள்ள நோய்: இல்லை.

லாவண்யா செம்பையும் தட்டையும் அவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். லிஃப்ட் பக்கம் நின்ற ராஜேஷ்குமார், "சிஸ்டர், கெஸ்ட் அஞ்சு நிமிஷத்துல வந்துருவாங்க!" என்று கையை நீட்டித் தடுத்தார். "வரட்டும்" என்று அந்தக் கையை விலக்கிவிட்டுப் போனாள்.

உள்ளே தர்ஷினி கண் செருகிக் கிடந்தாள். பிள்ளை வேகவேகமாக, ஆழமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் குனிந்ததும் அதன் மூச்சிலிருந்து, மாம்பழக்கூழ் ஆலைப் பக்கம் வரும் அந்தப் புளித்த பழ வாசனை மூக்கில் ஏறியது. தலைக்கு மேலே பாட்டிலில் குளுக்கோஸ் சொட்டிக்கொண்டிருந்தது. வந்த பத்து நிமிஷத்துக்குள் டிரிப் ஏற வேண்டும் என்பது ராஜேஷ்குமார் வைத்த இன்னொரு இலக்கு. டாக்டர் ஸ்வாதி எட்டு நிமிஷத்தில் முடித்திருந்தாள்.

லாவண்யா குழாயை அடைத்தாள்.

"என்ன சிஸ்டர் பண்றீங்க? டீஹைட்ரேஷன், ஃபர்ஸ்ட் டைம் பேஷண்ட்—"

"சக்கரைப் பிள்ளைங்க டாக்டர் இது! ரெண்டு நாளா இன்சுலின் இல்ல!"

விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தாள். அளவு கடந்துவிட்டது என்று காட்டியது, எண் வரவில்லை. ஸ்வாதி வேலைக்குப் புதிது, ஆனால் நல்ல பெண், மூளை பதறவில்லை. உப்பு நீர், இன்சுலின், பெரிய டாக்டருக்குப் போன் என்று ஒவ்வொன்றாக நடந்தது. மாடியில் கேக் வெட்டிக் கைதட்டினார்கள். லாவண்யா பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, மணிக்கொரு தரம் விரலில் குத்தி எண்ணைக் குறித்தாள். ஒவ்வொரு முறையும் தன்னையே திட்டிக்கொண்டாள். இந்தப் பொய்க்கு நூறு நாள் முட்டுக் கொடுத்தது அவள்தானே? வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும். திறக்காததால் பிள்ளை போகப் பார்த்தது.

ஆறு மணிக்கு எண் இறங்கியது. தர்ஷினி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். கட்டிலின் கால்மாட்டில் பூபதி குலுங்கிக் குலுங்கி அழுதான். விருந்தினர்களை வழியனுப்பிவிட்டு ராஜேஷ்குமாரும் வந்து நின்றார்.

"எப்பிடி இருக்கும்மா?" என்று ஸ்வாதி குனிந்து கேட்டாள். "நீ இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கியா?"

தர்ஷினி அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்குப் பின்னால் நின்ற மேலாளரைப் பார்த்தாள். வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பவள்போலச் சொன்னாள்: "இல்ல மிஸ். இதான் மொத தடவை."

"பாத்தீங்களா சிஸ்டர்? கொழந்தையே சொல்லுது" என்று ராஜேஷ்குமார் முகம் மலர்ந்தார்.

செத்துப் பிழைத்த பிள்ளை, கண்ணைத் திறந்ததும் இந்த ஆஸ்பத்திரியின் மானத்தைக் காப்பாற்றுகிறது! லாவண்யா கேஸ் ஷீட்டை எடுத்து, மேலே பெரிய எழுத்தில் பாதிப் பக்கத்துக்கு எழுதினாள்: 'பழைய நோயாளி. சர்க்கரை. ஒன்பதாவது முறை.' கீழே முழுப் பெயரில் கையெழுத்து போட்டு அவர் கையிலேயே கொடுத்தாள்.

"இதுக்கு நீங்க எக்ஸ்ப்ளனேஷன் குடுக்கணும்" என்றார் அவர்.

"குடுக்கறேங்க. எல்லா பழைய ஃபைலையும் மேல கொண்டாந்துட்டு குடுக்கறேன்."

அவர் ஷீட்டோடு வேகமாக வெளியே போனார். தர்ஷினி லாவண்யாவின் புடவை நுனியைப் பிடித்து இழுத்தாள். கண்ணில் பயம் இருந்தது.

"அக்கா, நான் மாத்திச் சொல்லிட்டேனா? அப்ப இனிமே எங்கள உள்ள விடமாட்டாகளா?"

"யாரு விடாம இருக்கறது? இன்னொரு தடவை மொத தடவைன்னு சொன்னா வாயிலயே போடுவேன்." லாவண்யா அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "நீ வந்துட்டே இரு கண்ணு. வராமதான் இருந்துடக் கூடாது."