கடைசி வரிசைக்கும் தெரிய

அம்மாவின் காதுமடலுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மேடைப்பூச்சைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள் மகள். நேற்று மாலை ஒரு சபையையே சிரிக்கவைத்துவிட்டு வந்து படுத்தவள், இன்று காலை எழுந்திருக்கவில்லை. கூடத்தில் மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. திரை உப்பி உப்பித் தணிய, கட்டில்மேல் வெயில் வருவதும் போவதுமாக இருந்தது. வந்தவர்களின் பேச்சு தண்ணீருக்கடியிலிருந்து கேட்டது. இதுவும் ஒத்திகைதான், இதோ எழுந்துவிடுவாள் என்று மகளுக்கு ஒரு மயக்கம்.

அம்மா சிரிப்பு நாடகக்காரி. யாரைக் கண்டாலும் ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்கிவிடுவாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகளையும் விடவில்லை; அவளை வைத்தும் ஒரு நாடகம் போட்டாள். பதினோரு வருடத்துக்கு முன்பு, அந்த நாடகத்தைப் பார்க்க மகளும் ஆசையாகப் போயிருந்தாள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா? திருப்பிச் சொல்லுங்க!" என்று மாத்திரை வாங்க வந்தவரை மேடை முழுக்கத் துரத்தினாள் அம்மா. சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மகளுக்கு மானம் கப்பலேறியது. பாதியில் எழுந்து வந்தவள், பிறகு எந்த நாடகத்துக்கும் போகவில்லை. பெற்றவளுக்கே நான் இளக்காரமா? ஒருநாளும் அவள் வாய்விட்டுக் கேட்டதில்லை. இனி யாரைக் கேட்பது?

ஒட்டடைக்குச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவோடு முப்பது வருடம் நடித்தவர். உடம்பைப் பார்த்து வைத்த பெயர்.

"மாமா, அந்த மருந்துக்கடை நாடகம்... நான் எழுந்து போனப்புறம் என்ன வரும்?"

"தெரியாதா உனக்கு?" அவர் விழித்தார். "நான் உங்கம்மாவா காய்ச்சல்ல கிடப்பேன். அவ உன்னை மாதிரி கடையை மூடிட்டு ஓடி வருவா. மூச்சு இருக்கான்னு என் மூக்குக்கிட்ட விரல் வச்சுப் பாப்பா. போவா. திரும்ப வந்து பாப்பா. பதினேழு தடவை! ஜனம் சிரிச்சு சிரிச்சு, அப்புறம் கப்சிப்னு ஆயிடும்."

"ஆறு தடவைதான் பாத்தேன்," என்றாள் மகள். அம்மா நிஜமாகவே காய்ச்சலில் கிடந்த அன்றைக்கு, அவள் தூங்குகிறாள் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"'ஆறு எனக்குப் போதும், கடைசி வரிசைக்குத் தெரிய வேணாமா'ம்பா உங்கம்மா."

பதினோரு வருடத்தை வீணாக்கிவிட்டோமே என்று மகளுக்கு நெஞ்சு எரிந்தது.

"எப்படி வருவா? காட்டுங்க."

கிழவர் தயங்கி எழுந்து, கழுத்தைக் கொக்காக நீட்டி, அடிமேல் அடி வைத்துக் கட்டிலருகே வந்தார்.

"சாவு வீட்ல என்ன கூத்து இது?" என்று சித்தி பல்லைக் கடித்தாள்.

"அப்படியில்ல மாமா. நான் இன்னும் வேகமா நடப்பேன்," என்று மகள் எழுந்தாள்.

வாசல்வரை போய்த் திரும்பினாள். முழங்காலை நெஞ்சுவரை தூக்கி, கைகளைத் துடுப்பாக வீசி, கண்களை உருட்டிக்கொண்டு வந்து குனிந்தாள். அம்மாவின் மூக்கருகே விரலை வைத்தாள். தலையாட்டிவிட்டுப் போனாள். திரும்ப வந்தாள். கூடத்தில் யாரும் அசையவில்லை. மூன்றாம் தடவை அவள் குனிந்தபோது சித்திக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மகள் மறுபடி வாசலுக்குப் போனாள்.