அம்மா சாத்திய ஜன்னல்

அம்மா தொண்ணூற்றாறு வயதில் கண்மூடியதும், நினைவுக் கூட்டத்தை ஒரு சொல் பிசகாமல் நடத்தி முடிப்பதென்று மூத்த மகன் கங்கணம் கட்டிக்கொண்டார். சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்ப மானத்துக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்பதுதான் அவர் கவலையெல்லாம்.

கவலைக்குக் காரணம் அம்மாவின் பக்தி. தனக்குக் காது மந்தமானதும், ஆண்டவனுக்கும் வயதாகியிருக்கும், அவருக்கும் சரியாகக் கேட்காது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். விடிந்ததும் தெருப்பக்க ஜன்னலருகே உட்கார்ந்து, பிள்ளைகளின் குற்றங்குறைகளை உரக்கச் சொல்லி மன்னிப்புக் கேட்பாள்.

கூடத்தில் தெருவே திரண்டிருந்தது. முதலில் பால்காரர் எழுந்தார்.

"தங்கமான மனுஷி. சின்ன மகன் கல்யாணத்தன்னைக்கு மாமனாரோட பல்செட்டை ஒளிச்சு வச்சாராமே, அதுக்கு எத்தனை நாள் அழுதாங்க தெரியுமா?"

சின்னவரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். "எலி தூக்கிட்டுப் போச்சுன்னீங்க?"

"பொதுவா பேசுங்க," என்றார் மூத்தவர் விறைப்பாக.

எதிர்வீட்டுத் தையல்காரர் பொதுவாகத்தான் ஆரம்பித்தார். "பெரிய பொண்ணுக்குப் பதிலா சின்ன பொண்ணு பரீட்சை எழுதினதுக்குக்கூட அந்தம்மா பட்டினி கிடந்தாங்க. எப்பேர்ப்பட்ட பக்தி."

கூட்டம் உச்சுக்கொட்டியது. "அக்கா பேர்ல எழுதினப்பதான் நான் பாஸ் பண்ணேன்," என்று சின்னத் தங்கை முணுமுணுத்தாள்.

மூத்தவர் தையல்காரரை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அடுத்தது தான்தான். ஆனால் தையல்காரர் வீட்டு மாப்பிள்ளையின் டோப்பாவுக்குத் தாவி, அதோடு முடித்து உட்கார்ந்துவிட்டார். வந்த நிம்மதி சற்று நேரம்கூட நிற்கவில்லை, ரோஷம் முந்திக்கொண்டது. தலைப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமலா விட்டாள்?

"என்னைப் பத்தி அம்மா ஒண்ணும் வேண்டிக்கலையா?"

தையல்காரர் நெளிந்தார். "தினமும் வேண்டிக்குவாங்க சார். உங்க முறை வந்தா மட்டும் எழுந்து ஜன்னலைச் சாத்திடுவாங்க."

பால்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே," என்றாள் சின்னத் தங்கை மெதுவாக, "அப்படி என்னதான் பண்ணித் தொலைச்சீங்க?"

மூத்தவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது முகங்களைப் பார்த்ததும் தெரிந்தது.

"கூட்டம் முடிஞ்சது," என்றார் நிமிர்ந்து.

யாரும் எழுந்திருக்கவில்லை.