ஸ்டிக்கில் பழுதில்லை

"மேசைய இன்னா பண்றது தங்கச்சி? இது நவுந்தாதான் ஐஸ் பெட்டி உள்ள வரும்" என்றான் எதிர்வீட்டு ஜெயவேல்.

மெர்லின் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் மண்டியிட்டு ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரையும் அவள் தொட விடவில்லை. அப்பா அருள்பிரகாசத்தின் உடல் ஆஸ்பத்திரி வண்டியில் வாசலில் காத்திருந்தது. ராயபுரத்துச் சந்து வீடுகளில் முன்னறை என்பது ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டால் தீர்ந்துபோகிற சமாச்சாரம். கட்டில் காலையிலேயே மாடிக்குப் போய்விட்டது. மேசையை ஜெயவேலும் அவளுமாகத் தூக்கிச் சமையலறைச் சுவரோரம் போட்டார்கள்.

அதன் மேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த பையை வைத்தாள். மூக்குக் கண்ணாடி, செல்போன், ஜெபமாலை, சட்டை. எல்லாவற்றுக்கும் அடியில் பழைய துண்டில் சுற்றிய ஜாய்ஸ்டிக். துண்டைப் பிரிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அருள்பிரகாசம் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தவருக்குத் தரை பிடிக்கவில்லை. "கீழ குந்திகினு இருந்தா இன்னா தெரியுது, எதிர்வூட்டு கொடில காயற லுங்கிதான்" என்பார். மனுஷர் பிழைப்பாரா என்று பயந்துதான் மெர்லின் தன் பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, அதைக் கையால் பிடித்து ஓட்ட ஒரு ஸ்டிக்கும் வாங்கிக் கொடுத்தாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மீனம்பாக்கத்தில் கிளம்பி, கடலோரமாகவே வடக்கே வந்து, துறைமுகத்துக்கு மேல் ஒரு சுற்று. அந்த விளையாட்டில் துறைமுகமே கிடையாது, வெறும் மண்ணும் தண்ணீரும்தான். "ஆர்பரையே காணோம், இன்னா கேம் செஞ்சானுங்கோ" என்று திட்டியபடி அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார். எஞ்சின் சத்தம் கேட்டதும் அம்மா அடைக்கலமேரி டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். அந்த வீட்டில் கடிகாரம் பார்த்து யாரும் டீ குடித்ததில்லை.

ஜனவரியில் விண்டோஸ் படுத்துக்கொண்டது. மெர்லின் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் போட்டாள். விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்ட ஒயின் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது என்றபோது, "சாமியார் பூசைல வெப்பாரே, அதுவா?" என்று சிரித்தார். விளையாட்டு ஓடியது. விமானம் ஓடுபாதையில் வந்து நின்றது. ஸ்டிக் மட்டும் அசையவில்லை. கீபோர்டில் ஓட்டலாமே என்றாள்.

"பட்டன அமுக்கி ஓட்டறதுக்குப் பேரு லிஃப்ட்டு."

"சரி நைனா, அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாத்துடறேன்."

பெருங்குடியில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் வாசம், ராயபுரத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்படி அடுத்த ஞாயிறுகள் பதினேழு வந்துபோயின. வருவாள், மீன்குழம்பு சாப்பிடுவாள், தூங்குவாள், போவாள். என்ன செய்யவேண்டும் என்பது மார்ச்சிலேயே அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் அப்பாவின் பெயரில் இருந்த கணக்குக்கு அந்த ஸ்டிக்கைத் தொட அனுமதி இல்லை. ஒரே ஒரு வரி கட்டளை அடித்தால் போதும். தலைக்கு மேல் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் அது வேலை இல்லை, அலட்சியம். அப்பா எங்கே போய்விடப் போகிறார் என்கிற அலட்சியம்.

போன ஞாயிறு கிளம்புகிற அவசரத்தில் அவர் மறுபடி கேட்டார். செருப்பை மாட்டியபடியே, "ஸ்டிக்கு கெட்டுப்போச்சி நைனா, வேற வாங்கணும்" என்றாள். அதோடு பேச்சு முடியும் என்றுதான் சொன்னாள்.

அருள்பிரகாசம் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் கைபட்டு ஒரு லீவர் உடைந்ததில்லை. லீவரைக் கெடுக்கிறவன் ஆபரேட்டரே இல்லை என்று புது ஆட்களைத் திட்டுகிறவர்.

"நாந்தான் ஜாஸ்தி அழுத்திட்டேன் போல" என்றார். மெர்லின் அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

புதன்கிழமை அவர் அந்த ஸ்டிக்கைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மே மாத வெயிலில், எலக்ட்ரானிக் சாமான் ரிப்பேர் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனார். பதினொன்று நாற்பதுக்கு மெர்லினுக்கு ஃபோன் செய்தார். மீட்டிங் என்று அவள் துண்டித்தாள். பன்னிரண்டேகாலுக்கு பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை, ஐஸ் பெட்டிக்குள் அப்பா தூங்குகிறவர் மாதிரிக்கூட இல்லை. யாரோ மாதிரி இருந்தார். ஜெயவேலின் மனைவி சிவந்தி தூக்கு நிறைய டீ கொண்டுவந்தாள்.

"மூணு நாளைக்கி அடுப்பு பத்த வெக்காதீங்கோ. டீ, சோறு எல்லாம் எங்க வூட்ல இருந்து வரும்" என்றாள்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அடைக்கலமேரியும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"ப்ளேன் ஓட்ற ஸ்டிக்கு ரிப்பேராயிச்சின்னு எத்துகினு போனாரு. ரிப்பேர் பண்ணிகினு வர்ற வழிலதான் இப்டி ஆயிட்ச்சி."

ஒவ்வொரு தடவையும் மெர்லின் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள். "இந்த வெயில்ல ஒரு பொம்ம சாமானுக்காவ போவணுமா? என்னாண்ட சொல்லிருந்தா ஆட்டோல இட்டுகினு போயிருப்பேனே" என்று ஜெயவேல் புலம்பியபோது அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். துண்டைப் பிரித்தாள். ஸ்டிக்கின் அடியில் கடைக்காரர் ஒரு சீட்டை ஒட்டியிருந்தார். ஸ்டிக்கில் பழுதில்லை, கம்ப்யூட்டர் செட்டிங் பார்க்கவும். நல்ல தமிழில், கொட்டை எழுத்தில்.

ஆக, அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் ஃபோன் செய்திருக்கிறார். ஏம்மா பொய் சொன்னே என்று கேட்கவா? அவள் துண்டித்த அழைப்புக்குள் என்ன இருந்தது என்று இனி யார் சொல்வார்கள்? சீட்டைப் பிய்த்து ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்குச் சவப்பெட்டி மாதா கோயிலுக்குப் போனது. துக்க மணி அடித்தது. காசிமேட்டுக் கல்லறையில் எல்லாரையும் போல அவளும் ஒரு பிடி மண் போட்டாள். "எங்க அப்பா மேல பழி போட்டேன்" என்று அங்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, ஈரத்தலையோடு சமையலறையில் போய்க் கம்ப்யூட்டருக்கு ஒயர்களை மாட்டினாள். அப்பாவின் பாஸ்வேர்டு அவர் ஓட்டிய கிரேனின் நம்பர். அந்த ஒரு வரியை அடித்தாள். கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்ளே வந்து விளையாட்டைத் திறந்தாள். ஸ்டிக்கை லேசாகச் சாய்த்தாள். திரையில் விமானத்தின் வால் ஆடியது. மொத்தம் நாலு நிமிஷம் ஆகியிருக்கும்.

எஞ்சின் சத்தம் கேட்டு அடைக்கலமேரி எழுந்து வந்தாள். திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாதான் ரிப்பேர் பண்ணிகிறான் கடைக்காரன்" என்றாள்.

"அம்மா, ஸ்டிக்கு கெடவே இல்ல. நான் பொய் சொன்னேன். என்னாலதான் நைனா அங்க போனாரு."

அடைக்கலமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"தெரியும்."

மெர்லின் திரும்பிப் பார்த்தாள்.

"நீ எடுக்கலன்னதும் எனக்குப் போட்டாரு. 'மேரி, ஸ்டிக்கு நல்லா கீதாம், என் கை ஒண்ணும் கெடுக்கல'ன்னு அப்டி ஒரு சந்தோஷம் அந்த மனுசனுக்கு. அப்பால சொன்னாரு, 'புள்ளையாண்ட எதுவும் கேக்காத, மூஞ்சி சுண்டிப் பூடும். ரிப்பேர் பண்ணிட்டாங்கோன்னு நானே சொல்லிக்கிறேன்'னாரு." ஸ்டிக்கைச் சுற்றியிருந்த துண்டை எட்டி எடுத்து மடித்தாள். "அவரு சொல்லாமயே பூட்டாரு. அதான் காலைலேர்ந்து நான் சொல்லிகினு கீறேன்."

மெர்லினின் கை ஸ்டிக்கின் மேலேயே இருந்தது. கட்டைவிரல் படுகிற இடத்தில் ரப்பர் தேய்ந்து வழவழத்துப் போயிருந்தது. ஓடுபாதையில் விமானம் பிரேக் விடாமல் நின்று உறுமிக்கொண்டிருந்தது.

அடைக்கலமேரி எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.